நெல் முள்வண்டு: நாற்றங்காலிலேயே அறிய வேண்டிய பகைவன்

செங்கற்பட்டு, திருக்கழுக்குன்றம், திருப்போரூர், செய்யூர் முதலிய பகுதிகளிலும், மாமல்லபுரம் முதல் சதுரங்கப்பட்டினம் வரையுள்ள கரையோரத்திலும் நெல் பயிரிடும் சங்க அங்கத்தினர்கள் தண்டு துளைப்பானை அறிவார்கள், புகையானையும் அறிவார்கள். முள்வண்டு என்னும் சிறு பூச்சியை அறிந்தவர்களோ சிலரே. அது ஆண்டுதோறும் தவறாமல் வருவதன்று. சில ஆண்டுகள் கண்ணிற் படாமலே இருந்து, ஏதோ ஒரு போகத்தில் திடீரெனப் பெருகிப் பயிரை வெளுக்கச் செய்துவிட்டு மறையும். ஆதலால் வந்த ஆண்டிலும் இன்னதுதான் வந்தது என்று தெரியாமற் போவதுண்டு.

தெரியாமையால் வரும் நஷ்டம் எவ்வளவு என்பதை ஓர் உதாரணத்தால் காண்போம். ஒரு விவசாயி ஒரு காணி, அதாவது 1.32 ஏக்கர், நடவு செய்கிறார். நட்ட பதினைந்தாம் நாள் பயிர் பச்சை குன்றி, தூரத்திலிருந்து பார்க்கையில் சாம்பல் பூத்ததுபோல் தோன்றுகிறது. "கடற்காற்றின் உப்பு" என்கிறார் ஒருவர். "எருக் குறைவு" என்கிறார் மற்றொருவர். சங்கத்தில் கடன் பெற்று யூரியா வாங்கி இடுகிறார். இலைகள் தழைத்து மென்மையாகின்றன. வெளுப்போ குறையாமல் மிகுகிறது. பின்னர் கடைக்காரர் கொடுத்த மருந்தை வாங்கித் தெளிக்கிறார். இரண்டு செலவும் கடன் புத்தகத்தில் ஏறிவிட்டன. பயிருக்கு ஒன்றாலும் பயன் இல்லை. முதல் நாளிலேயே ஓர் இலையைப் பறித்து வெளிச்சத்திற்கு எதிரே பிடித்துப் பார்த்திருப்பாராயின், அந்த இரண்டு செலவும் நேர்ந்திரா. இப்பாடத்தின் நோக்கம் அந்த ஓர் இலையைப் பார்க்கக் கற்பதேயாகும்.

1. இலைவண்டுக் குடும்பம்

வண்டினங்களுள் இலைவண்டுக் குடும்பம் மிகப் பெரியது. உலகில் 35,000-க்கும் மேற்பட்ட வகைகள் இதில் கணக்கிடப்பட்டுள்ளன. பெயருக்கேற்ப இவை பெரும்பாலும் இலை தின்று வாழ்வன. நம் தோட்டங்களில் பூசணி, சுரை, வெள்ளரிக் கொடிகளின் இளம் இலைகளைச் சல்லடையாக்கும் சிவப்பு வண்டு இக்குடும்பத்தைச் சேர்ந்தது. சர்க்கரைவள்ளிக் கொடியில், சிறிய ஆமையைப் போன்ற ஓடு கவிழ்த்து அமர்ந்திருக்கும் ஆமைவண்டும் இதன் உறவே.

இக்குடும்பத்தார் யாவரும் நமக்குப் பகைவர் அல்லர். மெக்ஸிகோ நாட்டிலிருந்து பெங்களூருக்குத் தருவிக்கப்பட்டு, 1984-ல் வெளியில் விடப்பட்ட ஓர் இலைவண்டு, வரப்புகளிலும் தரிசுகளிலும் மண்டும் பார்த்தீனியச் செடியைத் தின்று நமக்கு உதவி செய்கிறது. ஆகையால் இலையில் வண்டைக் கண்டவுடன் மருந்துக்கு ஓடாமல், எந்த வண்டு, எந்தச் செடியில், என்ன செய்கிறது என்று கேட்பதே முறை.

நெல்லின் முள்வண்டுக்கு முதன்முதலில் விஞ்ஞானப் பெயர் சூட்டியவர் ஒலிவியே என்னும் பிரெஞ்சு நிபுணர், ஆண்டு 1808. அவர் வைத்த "ஆர்மிஜெரா" என்னும் லத்தீன் பெயருக்கு "ஆயுதம் தரித்தது" என்பது பொருள். இந்தியாவிலுள்ள முள்வண்டுகளையும் ஆமைவண்டுகளையும் தொகுத்து ஆராய்ந்து, சமரேந்திர மௌலிக் என்பவர் 1919-ல் ஒரு நூலை வெளியிட்டார். ஆகவே நிபுணர்களுக்கு இது நெடுநாள் அறிமுகமான பூச்சி. அவர்கள் அறிந்தது வரப்புக்கு வந்து சேர வேண்டுவதே மிச்சம்.

2. அடையாளம்

வளர்ந்த வண்டு ஓர் அங்குலத்தில் ஐந்தில் ஒரு பங்குக்கு மேற்படாது. ஒரு நெல்மணியின் நீளத்தில் பாதிக்குச் சற்று மேல் என்று கொள்ளலாம். உடல் சற்றுச் சதுரமாகவும், நிறம் நீலம் கலந்த கறுப்பாகவும் பளபளப்பாகவும் இருக்கும். முதுகெங்கும் குத்திட்டு நிற்கும் முட்களே இதன் தவறாத அடையாளம். ஒருமுறை உள்ளங்கையில் வைத்துப் பார்த்தவர் வேறெந்த வண்டோடும் இதை மயங்கிக்கொள்ளமாட்டார்.

வண்டு இலையின் மேற்புறத்தில் அமர்ந்து பச்சையத்தைச் சுரண்டித் தின்னும், அடித்தோலைமட்டும் விட்டுவிடும். அதனால் இலையின் நடு நரம்புக்கு இணையாக, நகத்தால் கீறியதுபோல, மெல்லிய வெள்ளைக் கோடுகள் உண்டாகின்றன. இது முதற்குறி.

இரண்டாம் குறி புழுவால் உண்டாவது. வண்டு வெளியில் நின்று தின்ன, அதன் புழு இலைக்குள் புகுந்து மேல்தோலுக்கும் அடித்தோலுக்கும் நடுவில் சுரங்கம் அறுக்கிறது. அவ்விடம் கொப்புளம்போல் சிறிது உப்பி வெளுத்துக் காணும். அந்த இலையைச் சூரியனுக்கு எதிரே பிடித்தால், உள்ளே தட்டையான வெளிர்மஞ்சள் புழு நிழலாகத் தெரியும். விரலால் தடவினும் மேடு தட்டுப்படும்.

3. வாழ்க்கை வரலாறு

பெண்வண்டு இளம் இலையின் நுனிப் பாகத்தில் சிறு கீறல் செய்து, அதனுள் ஒவ்வொன்றாக முட்டைகளைப் பதிக்கும். ஒரு பெண்வண்டு சுமார் ஐம்பது முட்டைகளும், தக்க காலத்தில் அதற்கு மேலும் இடக்கூடும். முட்டை 4 அல்லது 5 நாளில் பொரிகிறது. புழு 7 முதல் 12 நாள் வரை சுரங்கத்திலேயே இருந்து தின்று வளர்கிறது. பின்னர் அங்கேயே கூட்டுப்புழுவாகி, 4 அல்லது 5 நாள் கழித்து வண்டாக வெளியேறுகிறது. முட்டையிலிருந்து வண்டு வரை ஏறக்குறைய மூன்று வாரம்.

இவ்வரலாற்றில் இரண்டு செய்திகளை அங்கத்தினர்கள் மனத்தில் இருத்த வேண்டும். முதலாவது, முட்டை இருப்பது இலையின் நுனியில். இரண்டாவது, முட்டையும் புழுவும் கூட்டுப்புழுவும் இலைத்தோலுக்குள் ஒளிந்திருப்பவை. மேலே தெளிக்கும் மருந்து பலவும் அவற்றை எளிதில் எட்டா. பின்னே கூறப்படும் உபாயங்கள் யாவும் இவ்விரண்டிலிருந்தே பிறக்கின்றன.

சொர்ணவாரி, சம்பா, நவரை என்று மூன்று போகங்கள் வழங்கும் நம் பகுதியில், ஏரிப் பாசனமுள்ள ஊர்களில் எங்கேனும் ஓரிடத்தில் இளம்பயிர் நின்றுகொண்டே இருக்கும். பயிர் இல்லாத நாளில் வரப்புப் புல்லும் அறுவடைக்குப்பின் தழைக்கும் தாள்களும் வண்டுக்கு இடம் தருகின்றன. பருவத் தொடக்கத்தில் நல்ல மழை பெய்து, பிறகு மழை வழக்கத்துக்கு மாறாகக் குறைந்துபோகும் ஆண்டுகளில் இது மிகுதியாகப் பெருகும் என்று கண்டறிந்துள்ளார்கள். அத்தகைய ஆண்டில் விழிப்பு இரட்டிப்பாக இருக்கவேண்டும்.

4. வேறு சேதங்களிலிருந்து பிரித்தறிதல்

வெளுத்த பயிரெல்லாம் முள்வண்டால் வெளுத்ததன்று. கீழ்க்கண்டவாறு சோதித்தறிக.

இலைச்சுருட்டுப்புழு: இலை நீளவாட்டில் மடிந்து குழாய்போல் ஒட்டியிருக்கும். விரித்தால் உள்ளே பச்சைப்புழுவும் அதன் எச்சமும் காணும். முள்வண்டு தின்ற இலை மடிவதில்லை; விரிந்தபடியே இருக்கும்.

இலைப்பேன்: நாற்றங்காலில் இலைநுனி ஊசிபோல் சுருண்டு காயும். கையை நீரில் நனைத்து நாற்றின் மேல் தடவினால், மிகச் சிறிய கரிய பூச்சிகள் உள்ளங்கையில் ஒட்டும்.

உப்பு: கரையோர நிலங்களில் இது மெய்யான தொல்லையே. உப்பினால் இலைநுனி வெளுத்துக் கருகும். பயிர் திட்டுத்திட்டாகக் குன்றும். மண்ணின் மேல் வெண்பொருக்குப் படிவதுமுண்டு. எனினும் இலையின்மேல் கீறல் கோடுகள் இரா, சுரங்கமும் இராது.

கோடு உண்டா, கொப்புளம் உண்டா, முள்ளுள்ள வண்டு உண்டா என்னும் மூன்று கேள்விகளுக்கு விடை கண்டபிறகே செலவைப்பற்றி யோசிக்க வேண்டும்.

5. நாற்றங்காலே தக்க இடம்

ஒரு ஏக்கர் நடவுக்குச் சுமார் 8 சென்ட் நாற்றங்கால் போதும். அதாவது, பின்னால் ஒரு ஏக்கரில் பரந்து நிற்கப்போகும் பயிர் முழுவதும் சில நாள்கள் 8 சென்ட் நிலத்தில் அடங்கி நிற்கிறது. குறுகிய வயதுள்ள நெல்லுக்கு நாற்று 18 முதல் 22 நாள். நடுத்தர வயதுள்ளதற்கு 25 முதல் 30 நாள். நீண்ட வயதுள்ளதற்கு 35 முதல் 40 நாள். முள்வண்டின் ஒரு தலைமுறைக்கு மூன்று வாரம் என்று மேலே கண்டோம். ஆகவே நாற்றங்காலிலேயே ஒரு தலைமுறை முற்றிவிடக்கூடும். அல்லது முட்டையும் புழுவும் நாற்றோடு முடிகட்டப்பட்டு, நம் கையாலேயே வயலுக்குக் கொண்டுபோகப்படக்கூடும்.

இதை ஒரு கணக்கால் விளக்குவோம். நாற்றங்காலில் 40 பெண்வண்டுகள் இருப்பதாகக் கொள்வோம். ஒன்றுக்கு 50 வீதம் 2,000 முட்டைகள். அவற்றுள் நாலில் ஒரு பங்கே பிழைத்தாலும் 500 வண்டுகள். அவற்றில் பாதி பெண்ணாயின் 250. அந்த 250-ம் நடவு வயலில் இடும் முட்டை 12,500. நாற்பது வண்டுகளை வலையால் வாரி எடுப்பது ஒரு காலைப்பொழுதின் வேலை. பன்னீராயிரத்தைப் பின்தொடர்வது யாராலும் இயலாது.

6. செய்ய வேண்டுவன

முதலாவது, வலைவீச்சு. ஓர் அடி அகலமுள்ள கம்பி வளையத்தில் பழைய மெல்லிய துணியால் பைதைத்து, மூங்கில் காம்பு பொருத்திக்கொள்க. வண்டுகள் சுறுசுறுப்பாக இலைமேல் இருக்கும் அதிகாலையில், நாற்றின் தலையை உரசும்படி வலையை இருபுறமும் வீசி நடக்க வேண்டும். பிடிபட்ட வண்டுகளைச் சோப்புக் கரைத்த நீரில் கொட்டுக. வெயில் ஏறியபின் அவை பயிரின் உட்புறம் இறங்கிவிடும். அப்போது வீசுவது வீண் உழைப்பு.

இரண்டாவது, நுனி வெட்டுதல். முட்டை இலைநுனியில் இருப்பதால், நாற்றைப் பறித்து முடிகட்டியபின், நடுமுன் ஒவ்வொரு முடியின் நுனியிலும் ஓர் அங்குலம் முதல் ஒன்றரை அங்குலம் வரை கூரிய அரிவாளால் ஒரே வெட்டில் நீக்கிவிடலாம். வெட்டிய நுனிகளை வரப்பில் எறிதல் கூடாது. எரிக்கவோ ஆழப் புதைக்கவோ வேண்டும். இல்லையேல் உள்ளிருக்கும் புழு வண்டாகி மறுபடியும் வயலுக்கே வரும்.

இங்கே ஓர் எச்சரிக்கை அவசியம். பாக்டீரியா இலைக்கருகல் நோய் கண்ட ஊர்களில் நுனி வெட்டுதல் ஆகாது. வெட்டிய காயத்தின் வழியே அந்நோய்க் கிருமி புகும். கருகல் நோய் முன்னர்க் கண்ட வயல்களில் வலைவீச்சையே நம்புக. ஒரு பகைக்குச் செய்த பரிகாரம் மற்றொரு பகைக்கு வாயிலாகிவிடலாகாது.

மூன்றாவது, வரப்பும் வாய்க்காலும். நாற்று விடுவதற்கு முன்னரே நாற்றங்காலைச் சுற்றியுள்ள புல்லினக் களைகளை அகற்றுக. அறுவடை முடிந்த வயலில் தாள் தழைக்க விடாமல் மடக்கி உழுக.

நான்காவது, தழைச்சத்து. யூரியாவை ஒரே தவணையில் மிகுதியாக இடுவது இலையைக் கொழுக்கச் செய்து வண்டுக்கு விருந்து வைப்பதாகும். மண் பரிசோதனை கூறும் அளவை, பல தவணைகளாகப் பிரித்து இடுக. பயிர் வெளுத்திருக்கும்போது, காரணம் அறியாமல் மேலுரம் இடவே கூடாது.

7. மருந்தைப் பற்றி

நடவு வயலில் குறுக்காக நடந்து, இருபது குத்துகளைப் பிரித்துப் பார்க்க வேண்டும். சராசரியாகக் குத்து ஒன்றுக்கு இரண்டு வண்டுகள், அல்லது சேதமுற்ற இலை ஒன்றிரண்டு காணப்பட்டால், பொருளாதார நஷ்டத்தின் எல்லை நெருங்கிவிட்டது என்று கொள்ளலாம். அதற்குக் குறைவாயின் பொறுத்திருக்கலாம். தூர் கட்டி முற்றிய பயிர் புது இலை விட்டுத் தேறிவிடும். இலை தடித்தபின் வண்டும் அதை நாடுவதில்லை. அஞ்ச வேண்டுவது இளம்பயிரைப் பற்றியே.

முள்வண்டின் முட்டையையும் புழுவையும் அழிக்கும் சிறு குளவிகள் வயலில் இயல்பாகவே இருக்கின்றன. கண்டபடி மருந்து தெளிப்பின் முதலில் மடிவன அவையே. அஸ்ஸாம் மாநிலத்து ஜோர்ஹாட்டிலுள்ள வேளாண்மைப் பல்கலைக்கழகத்தார், பூச்சியின் உடலில் படர்ந்து அதைக் கொல்லும் வெண்பூஞ்சணம் ஒன்றை இவ்வண்டின்மேல் பரிசோதித்துள்ளார்கள்.

முன்னாளில் இத்தகைய பூச்சிகளுக்குப் பி.எச்.சி. தூளைத் தாராளமாகத் தூவினார்கள். அதன் நஞ்சு மண்ணிலும் பாலிலும் தங்குவது தெரிந்து, 1997-ல் இந்தியாவில் அது தடைசெய்யப்பட்டது. நேற்றுச் சிறந்ததெனச் சொல்லப்பட்ட மருந்து இன்று விலக்கப்படுவது புதிதன்று. ஆதலால் மருந்து தேவைப்படுமாயின், கையில் சேதமுற்ற இலைகளையும் பிடித்த வண்டுகளையும் எடுத்துக்கொண்டு வட்டார வேளாண்மை விரிவாக்க மையத்துக்கோ, காட்டுப்பாக்கத்திலுள்ள வேளாண் அறிவியல் நிலையத்துக்கோ சென்று காட்டி, அவர்கள் எழுதித் தருவதை மட்டும் வாங்குக.

8. சங்கத்தின் கடமை

முள்வண்டுக்குச் சிறகு உண்டு. வரப்பு அதற்கு எல்லையன்று. ஒருவர் தம் நாற்றங்காலைச் சுத்தம் செய்து, அடுத்தவர் செய்யாவிட்டால், நட்ட மூன்றாம் வாரம் இருவர் வயலும் ஒன்றுபோலவே வெளுக்கும். வங்காள விரிகுடாவின் வடகரையில், வங்காளதேசத்தின் பாரிசால் பிரதேசத்தில் இவ்வண்டு நிலையாகக் குடிகொண்டு, பெருகும் ஆண்டுகளில் பரந்த நிலப்பரப்பைப் பாழாக்கியிருக்கிறது. நம் கரையில் அது அந்நிலையை அடையவில்லை. அடையாமற் காப்பது ஊர் முழுவதும் சேர்ந்து செய்யவேண்டிய காரியம்.

சேர்ந்து செய்வது நமக்குப் புதிதன்று. ஏரி வரத்துக்காலைத் தூர்வாரக் குடிமராமத்து என்று வீட்டுக்கு ஓர் ஆள் வந்த வழக்கம் நம் முன்னோருடையது. கூட்டுறவுக் கடன் சங்கச் சட்டம் பிறந்த 1904-லேயே, பழைய செங்கற்பட்டு ஜில்லாவைச் சேர்ந்த திரூரில் விவசாயக் கடன் சங்கம் தோன்றிவிட்டது. அவ்வூர் இன்று திருவள்ளூர் மாவட்டத்தில் உள்ளது. ஜாமீனும் நம்பிக்கையும் பொதுவாக இருந்தால் கடன் எளிது என்று கண்ட அதே அறிவு, பூச்சிக்கும் பொருந்தும்.

சங்கங்கள் செய்யத்தக்கவை இவை: ஒரே மதகின் கீழுள்ள அங்கத்தினர்கள் இயன்றவரை ஒரே வாரத்தில் நாற்று விடுதல், நாற்றங்கால்களைப் பக்கம்பக்கமாக அமைத்தல், சங்கச் செலவில் ஆறு வலைகள் செய்து வைத்து முறைப்படி வழங்குதல், நாற்று விட்ட பத்தாம் நாளிலிருந்து வாரம் இருமுறை இருவர் சென்று எல்லா நாற்றங்கால்களையும் பார்த்து வந்து, கண்டதைக் கரும்பலகையில் எழுதுதல். நாற்றுப் பறிக்கும் பெண்களுக்கு இவ்வண்டையும் இதன் கோடுகளையும் காட்டிக்கொடுப்பது மிக அவசியம். நாற்றை முதலில் கையில் எடுப்பவர்கள் அவர்களே. அவர்கள் கண்ணுக்குப் படுவது வேறு எவர் கண்ணுக்கும் அவ்வளவு விரைவில் படாது.

பயிர்க் கடன் கேட்டு வரும் அங்கத்தினர் உரத்துக்கோ மருந்துக்கோ கூடுதல் தொகை வேண்டினால், "இலையைப் பார்த்தீர்களா?" என்று காரியதரிசி ஒரு வார்த்தை கேட்கட்டும். அது கடனை மறுப்பதற்கன்று. கடன் வீணாகாமல் காப்பதற்கே.

சங்கக் கூட்டத்தில் கேட்பதற்குரிய வினாக்கள்

1. முள்வண்டு தின்ற இலைக்கும் இலைச்சுருட்டுப்புழு தின்ற இலைக்கும் வேறுபாடு யாது?

2. உப்பினால் வெளுத்த பயிரை எவ்வாறு அறிவீர்?

3. முட்டை இலையின் எப்பாகத்தில் இடப்படுகிறது? அதை அறிவதனால் வரும் பயன் என்ன?

4. நாற்றின் நுனியை எப்போது வெட்டலாம், எப்போது வெட்டலாகாது?

5. முட்டை வண்டாக எத்தனை நாள் ஆகும்? உம்முடைய நாற்றின் வயதோடு அதை ஒப்பிடுக.

6. உம்முடைய மதகின் கீழ் எத்தனை நாற்றங்கால்கள் உள்ளன? அவற்றைக் கடைசியாகப் பார்த்தவர் யார், எந்த நாளில்?

ஆறாம் வினாவுக்கு விடை தெரியாத சங்கம், அடுத்த நாற்று விடுமுன் ஒரு கூட்டம் கூட்டி, பார்வையிடும் இருவர் பெயரைத் தீர்மானப் புத்தகத்தில் எழுதிக்கொள்வது நலம்.